நேற்றை மறக்காத பகடை

அத்தியாயம் 4

"ஒரு பையில் மூன்று சிவப்புப் பந்துகளும் இரண்டு நீலப் பந்துகளும் உள்ளன. பார்க்காமல் ஒரு பந்து எடுக்கப்படுகிறது. அது சிவப்பாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?"

ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து, காற்றில் படபடக்கும் தேர்வு கைடை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கொழுந்தன் சத்தமாகப் படித்தான். வண்டியை ஓட்டியவள் அண்ணி.

"எதுக்குப் பார்க்காம எடுக்கணும்?" என்றாள் அண்ணி.

"கணக்கு அப்படி."

"பையைத் திறந்து பார்த்தா ஒரு நிமிஷ வேலை. பார்க்கக் கூடாதுன்னு சொன்னவன் யாரு? எனக்கு அவன் மேலதான் சந்தேகம்."

"அவனை விடுங்க அண்ணி. நாளைக்குப் பரீட்சையில இப்படி எழுதினீங்கன்னா, பேப்பர் திருத்தறவரு பந்து இல்லாத பையில உங்களைப் போட்டுக் கட்டிடுவாரு."

தனியார் துப்பறிவாளர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க இனி ஒரு தேர்வு எழுத வேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது. சட்டம், முதலுதவி, பொது அறிவு எல்லாவற்றையும் அண்ணி ஊதித் தள்ளிவிட்டாள். கடைசிப் பகுதி நிகழ்தகவு. பள்ளியில் அந்தப் பாடம் நடந்தபோது அவள் பின்பெஞ்சில் யாருடைய டிபன் பாக்ஸை யார் காலி செய்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தவள். கண்டும் பிடித்தாள். கணக்கில்தான் கோட்டை விட்டாள்.

அவளுக்குத் துணை, கணவனின் தம்பி. ஊரில் மூன்று வேலைகளை விட்டுவிட்டு, அண்ணியின் அலுவலகத்தில் நான்காவதாக ஒட்டிக்கொண்டவன். கணக்கு நன்றாக வரும். வாய் அதைவிட நன்றாக வரும்.

"நான் ஒண்ணு ஒண்ணா சொல்றேன், கேளுங்க. என்னென்ன நடக்க முடியுமோ அது மொத்தத்துக்கும் கூறுவெளின்னு பேரு."

"சந்தேகப்படற ஆளுங்க மொத்தப் பேரும்னு சொல்லேன்."

"சரி, அப்படியே வெச்சுக்குங்க. அதுல நமக்கு வேண்டியது எத்தனைன்னு பார்க்கணும். அஞ்சு பந்துல மூணு சிவப்பு. அஞ்சுல மூணு. முடிஞ்சுது."

"இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு பெரிய பேரு?"

"பேரு பெரிசா இருந்தாத்தான் ட்யூஷன் வைப்பாங்க. அடுத்தது. காசு சுண்டறீங்க. அஞ்சு தடவையும் தலை. ஆறாவது தடவை?"

"பூ."

"ஏன்?"

"அஞ்சு தடவை ஒரே பக்கமா விழுந்த காசுக்கு மனசு உறுத்தாதா?"

"உறுத்தாது அண்ணி. காசுக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை எப்படி விழுந்தோம்னு அதுக்குத் தெரியவே தெரியாது. எப்பவும் பாதிக்குப் பாதிதான்."

அண்ணிக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பதிலை அவள் வாய்க்குள் வைத்து மென்றுகொண்டே, விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த பொம்மைக்கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

மூன்று மாடிக் கடை அது. வாசலில் ஆளுயரக் கரடி ஒன்று இடது காலை நொண்டி நொண்டி நடந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஏழெட்டுக் குழந்தைகள் அச்சு அசலாக அதே மாதிரி நொண்டிக்கொண்டு ஊர்வலம் போயின.

"கரடிக்கு என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி.

"இந்த வெயில்ல கம்பளி போட்டா நொண்டி மட்டுமா வரும்," என்றான் கொழுந்தன்.

முதல் மாடியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே மேசை, மைக், வெல்வெட் வைத்த ஒரு சின்னப் பெட்டி, இவற்றுக்குப் பின்னால் சூப்பர்வைசர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாக்களை உயர வரிசையில் குத்தியிருந்தார்.

"நான் எதுலயும் நியாயமா இருக்கிறவன் மேடம்," என்று ஆரம்பித்தார். "கரடி வேஷம் யாருக்கும் பிடிக்காது. உள்ள அடுப்பு மாதிரி இருக்கும். அதனால தினம் காலையில பகடை உருட்டுவேன். ஆறு பேர், ஆறு நம்பர். விழுந்த நம்பர் யாரோ, அன்னைக்கு அவர் கரடி. இங்கிருந்தே மைக்ல சொல்லிடுவேன். கடைக்கு லீவே கிடையாது, அதனால தினமும் ஒரு கரடி உண்டு."

"அந்தப் பகடைதான் காணோமா?"

"சாதாரணப் பகடை இல்லை மேடம். முதலாளியம்மாவோட வீட்டுக்காரர், கடை ஆரம்பிக்கறப்போ தன் கையால மரத்துல செதுக்கினது. அவர் போனதுக்கப்புறம், கடை திறந்த நாளன்னைக்கு வருஷா வருஷம் அம்மா வந்து ஒரு தடவை உருட்டிட்டுப் போவாங்க. அந்த நாள் இன்னைக்குத்தான். சாயங்காலம் வர்றாங்க."

"கடைசியா எப்ப உருட்டினீங்க?"

"இன்னைக்குக் காலையில. மூணு விழுந்துச்சு. மூணுன்னா பலூன்காரர். மைக்ல சொன்னதும் ஓடி வந்தார். முதுகு வலிக்குது, இன்னைக்கு வேண்டாம்னு கெஞ்சினார். நியாயம்னு ஒண்ணு இருக்கே, முடியாதுன்னுட்டேன். அவர் போனதும் பார்த்தா பெட்டி காலி."

"வேற யாரும் வரலையா?"

"வரலை. அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன். நான் வர்றதுக்குள்ள பகடை கிடைக்கலைன்னா, எடுத்தவர் நாளையில இருந்து வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. உங்களைக் கூப்பிடச் சொன்னதும் அவங்கதான்."

கொழுந்தன் காலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "நல்ல வசதியான பெட்டி. பகடை ஏன் இதை விட்டுட்டுப் போச்சுன்னே தெரியலை."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

பலூன்காரரைக் கீழே கிடங்கில் உட்கார வைத்திருந்தார்கள். கதவைத் திறந்தபோது ஆள் தெரியவில்லை. பலூன்கள்தான் தெரிந்தன. பச்சை, மஞ்சள், ஊதா என்று இடுப்பளவுக்கு நிறைந்து கிடந்தன. அவற்றைக் கைகளால் விலக்கிக்கொண்டு உள்ளே நீந்திப் போனால், மூலையில் ஒரு டிரம்மின் மேல், கன்னம் உப்பி, கண் கலங்கி, நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஊதிக்கொண்டிருந்தார்.

"பம்ப் இருக்கே, ஏன் வாயால ஊதறீங்க?" என்றாள் அண்ணி.

"பயம் வந்தா ஊதுவேன் மேடம். நின்னா அழுதுடுவேன்."

"எப்ப இருந்து ஊதறீங்க?"

"காலையில இருந்து." முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த பலூனை எடுத்தார். "வீட்டுல ரெண்டு பிள்ளைங்க படிக்குது. எனக்கு வேற தொழில் தெரியாது. மூச்சு விடறது ஒண்ணுதான் தெரியும். இன்னைக்குக் காலையில நான் எடுக்கலை மேடம். சத்தியமாச் சொல்றேன், இன்னைக்குக் காலையில அந்தப் பெட்டியை நான் தொடவே இல்லை."

அவர் முகத்தையே அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. முழுசாக உண்மை சொல்கிற முகமாகவும் இல்லை. சொல்ல வந்ததில் பாதியைப் பலூனுக்குள் ஊதிக் கட்டிவிட்டவர் மாதிரி இருந்தார்.

"கரடியைப் பார்க்கணும்," என்று எழுந்தாள்.

பலூன்காரரைக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டதால், அன்றைக்குக் கரடி வேஷம் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் அக்காவின் தலையில் விழுந்திருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருவரும் அவரைப் பிடித்தார்கள். தலையைக் கழற்ற அனுமதி இல்லை என்பதால் கரடியாகவே பதில் சொன்னார். ஒரு குழந்தை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

"சூப்பர்வைசர் எப்படி அக்கா?" என்றாள் அண்ணி.

"தங்கமான மனுஷன். பகடையும் இப்ப தங்கமாயிடுச்சு. கண்ணு, வாலை விடு. ஒரே ஆளு பேர்ல ரெண்டு நாள் சேர்ந்தாப்ல விழறதே இல்லை. இன்னைக்கு நான்னா நாளைக்கு நிச்சயமா வேற ஆளு. நிம்மதியாத் தூங்கலாம்."

"முன்ன அப்படி இல்லையா?"

"அதை ஏன் கேட்கறீங்க. விழுந்த ஆளு மேலயே திரும்பத் திரும்ப விழும். அதுவும் பலூன்காரருக்கு ராசியே சரியில்லை. பாதி நாள் அவர்தான் கரடி. மனுஷன் உருகி ஓடாப் போயிட்டாரு."

"எப்ப இருந்து மாறுச்சு?"

கரடி தலையைச் சொறிந்தது. "இந்த மாடிப்படிக்குப் பெயின்ட் அடிச்சாங்களே, அப்ப இருந்து. மூணு மாசம் இருக்கும். பெயின்ட் வாடை தலைக்குள்ள ஏறி எனக்குக் கிறுகிறுன்னு வந்துச்சு, அதனால நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கு முந்தி மூணு நாளும் பலூன்காரர். நாலாம் நாள் எனக்கு விழுந்துச்சு. அன்னைக்கு வந்த ஒழுங்குதான், இன்னைக்கு வரைக்கும் மாறலை."

கரடி நொண்டிக்கொண்டே போய்விட்டது. அண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள். கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் அவனுக்குத் தெரியும். வீட்டில் சர்க்கரை டப்பா இடம் மாறியிருந்தாலும் அதே முகம்தான் வரும்.

"காசுக்கு ஞாபகம் கிடையாதுன்னு சொன்னியே தம்பி. பகடைக்கு?"

"பகடைக்கும் கிடையாது. ஆறு முகம் இருக்கு, ஒரு மூளை கூட இல்லை."

"அப்புறம், நேத்து யாரைக் கூப்பிட்டோம்னு இந்தப் பகடைக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

கொழுந்தன் கையிலிருந்த கைடை மூடினான்.

"நேத்து கூப்பிட்ட ஆளை இன்னைக்கு விட்டுடணும்னு நினைக்கிறது பகடை இல்லை," என்றாள் அண்ணி மெதுவாக. "மனுஷன்."

"அதிர்ஷ்டமா இருந்தா?"

"அதைத்தான் இப்ப பார்க்கப் போறோம். ஒரு பகடை கொண்டா."

பொம்மைக்கடையில் பகடைக்கா பஞ்சம். அலமாரியிலிருந்து ஒரு பாம்புக்கட்டப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனார்கள். பலூன்காரரும் வேடிக்கை பார்க்க டிரம்மை விட்டு இறங்கி வந்தார். இடைவேளைக்கு வந்த கரடியும் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. அண்ணி உருட்டினாள். போன தடவை விழுந்த எண்ணே மறுபடி விழுந்தால் கொழுந்தன் ஒரு பலூனை உடைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

இரண்டு. ஆறு. ஒன்று. ஒன்று.

டப்.

கரடி துள்ளிக் குதித்தது.

முப்பது முறை உருட்டி முடித்தபோது ஐந்து பலூன்கள் உடைந்திருந்தன. பலூன்காரர் ஒவ்வொன்றுக்கும் சொந்தத்தில் சாவு விழுந்த மாதிரி உச்சுக் கொட்டினார்.

"முப்பது தடவையில அஞ்சு தடவை திரும்ப விழுது," என்றாள் அண்ணி. "அங்க மூணு மாசமா ஒரு தடவை கூட விழலை. இதுக்குக் கணக்கு உண்டா?"

"உண்டு." கொழுந்தன் ஒரு பெரிய மஞ்சள் பலூனை மடியில் வைத்து, மார்க்கர் பேனாவால் அதன்மேல் எழுத ஆரம்பித்தான். "நேத்து எந்த நம்பர் வேணா விழுந்திருக்கட்டும். இன்னைக்கு ஆறு நம்பருக்கு வாய்ப்பு இருக்கு. அதுல ஒண்ணு நேத்து விழுந்தது. மீதி அஞ்சும் வேற. ஆகவே மாறி விழறதுக்கு ஆறுல அஞ்சு."

"அது நல்ல வாய்ப்புதானே."

"ஒரு நாளைக்கு நல்ல வாய்ப்பு. மறுநாளும் மாறி விழணும்னா, ரெண்டையும் பெருக்கணும். முப்பத்தாறுல இருபத்தஞ்சு."

"குறைஞ்சுடுச்சே."

"அதுக்கு மறுநாள் இன்னும் குறையும். பெருக்கப் பெருக்கக் கரைஞ்சுக்கிட்டே போகும்."

"பொய் மாதிரின்னு சொல்லு," என்றாள் அண்ணி. "ஒரு பொய் தனியா நல்லாத்தான் நிக்கும். தினம் ஒண்ணு அதுமேல அடுக்கினா, என்னைக்காவது சரியும்."

கொழுந்தன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். "நாளைக்குப் பரீட்சையில இதை எழுதிடாதீங்க. ஆனா சரிதான்." பலூனைத் திருப்பித் திருப்பிப் பெருக்கினான். "ஒரு மாசம் பூரா யாருக்கும் திரும்ப விழாம இருக்க, கிட்டத்தட்ட இருநூறுல ஒரு வாய்ப்பு. மூணு மாசம்னா..." பேனா முனை கொஞ்சம் அழுத்திவிட்டது. டப். விடை அவன் முகத்தில் வெடித்தது. மூக்கைத் தடவிக்கொண்டே, "கோடியில ஒண்ணு," என்றான்.

அண்ணி பகடையைப் பாம்புக்கட்டப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"எல்லாரும் மேல வாங்க," என்றாள் அண்ணி.

சூப்பர்வைசர் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி உட்காரவில்லை.

"பகடையை இன்னைக்குக் காலையில உருட்டினீங்க."

"ஆமா."

"நேத்து?"

"நேத்தும். தினமும்."

"மூணு மாசமா ஒருத்தருக்குக் கூட ரெண்டு நாள் சேர்ந்து விழலை. எப்படி?"

"அதிர்ஷ்டம் மேடம். நியாயமா நடக்கிற இடத்துல அதிர்ஷ்டமும் நியாயமா இருக்கும்."

"கோடியில ஒரு அதிர்ஷ்டம் உலகத்துல யாருக்காவது நடக்கும் சார். நடக்கட்டும். ஆனா பகடையைக் காட்ட வேண்டிய நாள் பார்த்து அது காணாமப் போறது ரெண்டாவது அதிர்ஷ்டம். ரெண்டையும் பெருக்கணும்னு எனக்கு இப்பத்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

சூப்பர்வைசரின் கை தன்னையறியாமல் பேனா மூடியை எடுத்து மேசையில் தட்டியது. டொக், டொக், டொக்.

வாசலில் நின்ற கரடி நிமிர்ந்தது. "இந்தச் சத்தம்தான் தினமும் மைக்ல கேட்கும். பகடை உருளற சத்தம்."

பேனா மூடி கீழே விழுந்தது. சூப்பர்வைசரும் நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

"ஒரு நாள் காலையில பெட்டியைத் திறந்தேன். உள்ள இல்லை," என்றார். "அம்மாகிட்ட சொல்லப் பயம். என் பொறுப்புல இருந்த பொருள் அது. கிடைச்சுடும், கிடைச்சுடும்னு தேடினேன். அது வரைக்கும் நானே மனசுல ஒரு நம்பர் நினைச்சுச் சொன்னேன். நினைக்கிறப்பக்கூட நியாயமாத்தான் நினைச்சேன் மேடம். நேத்து கரடி போட்டவங்களுக்கு இன்னைக்கு வேண்டாம், பாவம்னு."

"அந்த நியாயம்தான் உங்களைக் காட்டிக் கொடுத்துடுச்சு. நிஜப் பகடைக்கு அவ்வளவு இரக்கம் கிடையாது."

"அது சரி," என்றான் கொழுந்தன். "பலூன்காரரை எதுக்கு மாட்டி விட்டீங்க?"

"நான் மாட்டி விடலை. ரூமுக்கு யார் வந்தாங்கன்னு அம்மா கேட்டாங்க. இவர் வந்தார்னேன். அது உண்மை. மீதியை அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க." அவர் பலூன்காரரைப் பார்க்கவில்லை. "நான் திருத்தியிருக்கணும். திருத்தலை."

கொழுந்தன் பலூன்காரரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "கிளம்புங்க அண்ணே. போய் வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டு, பம்ப்ல ஊதுங்க."

பலூன்காரர் நகரவில்லை. வாயில் பாதி ஊதிய சிவப்பு பலூன் ஒன்று இருந்தது. பழக்க தோஷத்தில் கிடங்கிலிருந்தே ஊதிக்கொண்டு வந்திருந்தார்.

"அவசரப்படாத தம்பி," என்றாள் அண்ணி. "பகடை இன்னும் கிடைக்கலை. மூணு மாசத்துக்கு முன்னால ஒருத்தர் அதை எடுத்திருக்காரு. கூறுவெளி இப்ப ஆறு பேரு."

"ஆறு பேருக்கும் சம வாய்ப்பு."

"இல்லை. அந்தப் பகடை கடைசியா யாரைக் கூப்பிட்டுச்சு? மூணு நாள் சேர்ந்தாப்ல கூப்பிட்டுச்சு. நாலாம் நாள் பகடை இல்லை." அண்ணி திரும்பினாள். "இன்னைக்குக் காலையில எடுக்கலைன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. எடுக்கலைன்னு மட்டும் ஒரு தடவை கூடச் சொல்லலையே அண்ணே."

பலூன்காரரின் உதடுகள் தளர்ந்தன. சிவப்பு பலூன் புர்ர்ர் என்று கிளம்பி, சூப்பர்வைசரின் தலையைச் சுற்றி, மைக்கில் முட்டி, கரடியின் காதில் போய்த் தொங்கியது. இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை அண்ணி தன் தொழிலில் கேட்டதில்லை.

"மூணு நாள் மேடம்," என்றார் அவர். "மூணாம் நாள் உள்ளயே மயக்கம் வந்து, பொம்மைக் கார் அடுக்கி வெச்சிருந்ததுக்கு மேல விழுந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலம் கரடித் துணியைக் கழற்றி மாட்ட வந்தப்போ இந்த ரூம்ல யாரும் இல்லை. எடுத்துட்டேன். தூக்கிப் போட மனசு வரலை. அய்யா செதுக்கினது. அதான் கரடியோட இடது கால் பஞ்சுக்குள்ள வெச்சுத் தைச்சுட்டேன்."

"அது கல்லு இல்லையா?" என்றது கரடி. "மூணு மாசமா என் குதிகாலைக் குத்தினது இதுதானா?" தலையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்த முகத்தோடு பேக்கிங் அக்கா பலூன்காரரை நான்கு சாத்துச் சாத்தினார். பஞ்சுக் கையாக இருந்ததால் அவருக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

"எனக்கும்தான் குத்துச்சு அக்கா," என்றார் அவர்.

கத்தரிக்கோலால் காலைப் பிரித்துப் பகடையை வெளியே எடுத்த நேரம், கதவருகில் ஒரு குரல் கேட்டது.

"கரடிக்கு ஆபரேஷனா?"

முதலாளியம்மா. வெள்ளை முடி, காலில் ஓட்டப்பந்தய ஷூ, தோளில் பெரிய கைப்பை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நடந்ததை அண்ணி ஒளிக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல சூப்பர்வைசர் உயரத்தில் குறைந்துகொண்டே வந்தார். பலூன்காரர் மூச்சே விடவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தொழிலும் நின்றுபோனது.

முதலாளியம்மா பகடையை வாங்கினார். கட்டை விரலால் அதன் விளிம்புகளைத் தடவிப் பார்த்தார். "நான் வந்த வேலையை முதல்ல முடிச்சுடறேன்," என்று மேசையில் உருட்டினார்.

மூன்று.

பலூன்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

"அவர் ராசி அப்படிம்மா," என்றார் பேக்கிங் அக்கா.

முதலாளியம்மா புருவத்தைச் சுருக்கி மறுபடி உருட்டினார். மூன்று. மறுபடி. ஐந்து. மறுபடி. மூன்று. இன்னொரு முறை. மூன்று.

அறையில் இருந்த அத்தனை பேரும் அந்தக் குட்டி மரத்துண்டையே பார்த்தார்கள். அண்ணி குனிந்து, மேசையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். பகடை ஒரு பக்கம் லேசாகக் கொழுத்திருந்தது. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல.

கொழுந்தன் கைடைப் புரட்டினான். ஒரு பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். அவன் முகம் மாறியது.

"அண்ணி, ஒரு சீரான பகடை உருட்டப்படுகிறதுன்னு போட்டிருக்கான். ஒவ்வொரு கணக்குலயும் சீரான, சீரானன்னு போட்டிருக்கான். நான் அந்த வார்த்தையை அலங்காரம்னு நினைச்சுப் படிக்காமலே தாண்டிட்டேன்."

"அப்ப நம்ம கணக்கு தப்பா?"

"தப்புதான். ஆனா நமக்குச் சாதகமான தப்பு. ஒரே நம்பர் அடிக்கடி விழற பகடைன்னா, மூணு மாசம் திரும்ப விழாம இருக்கிறது கோடியில ஒண்ணு கூட இல்லை. அதுலயும் கம்மி."

அண்ணி அதைக் கேட்கவில்லை. அவள் பலூன்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதருக்கு ராசி சரியில்லை என்று கடை முழுவதும் சொன்னது. அவளும் அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். ஒருத்தர் மேலேயே பாதி நாள் விழுகிறது என்று கரடி வாயாலேயே சொல்லியும் அவளுக்கு உறைக்கவில்லை. ஆள்களைச் சந்தேகிக்கத் தெரிந்த அளவுக்குப் பகடையைச் சந்தேகிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. முதலாளியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் மெதுவாக, பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு.

"எங்க வீட்டுக்காரருக்கு எதையும் நேரா செதுக்க வராது. அவர் செஞ்ச ஸ்டூல்ல உட்கார்ந்தா ஒரு பக்கம் வழுக்கிட்டுப் போகும். அவர் மனசு கஷ்டப்படுமேன்னு நான் ஒரு கையை ஊணிக்கிட்டே உட்காருவேன். கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பலூன்காரரிடம் வந்தார். "நீங்க எடுத்தது தப்பு. அதுக்கு எனக்குக் கோபம் உண்டு. ஆனா இத்தனை வருஷமா உங்களை மட்டும் பிடிச்சுக் கரடியாக்கினது அவர் கைவேலை. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீங்க எங்கயும் போக வேண்டாம்."

பலூன்காரர் விட்ட மூச்சில் மேசை மேலிருந்த காகிதங்கள் பறந்தன.

"நீங்க," என்று சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "பகடை தொலைஞ்சதுன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் திட்டியிருப்பேன். அவ்வளவுதான். ஒரு மனுஷனை விட்டுக் கொடுத்துட்டுச் சும்மா இருந்தீங்களே, அது எனக்குப் பிடிக்கலை. மைக்ல பேசத் தெரியும்ல. பேசுங்க."

சூப்பர்வைசர் மைக்கை இழுத்தார். தொண்டையைச் செருமினார். மூன்று மாடியிலும் அவர் குரல் கேட்டது. "ஊழியர்கள் கவனத்துக்கு. இன்று காலை பகடையை யாரும் எடுக்கவில்லை. பலூன்காரர் எடுத்ததாக நினைக்கும்படி விட்டது என் தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." கொஞ்சம் தயங்கி, "நியாயமாக," என்று சேர்த்துக்கொண்டார்.

முதலாளியம்மா பகடையைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டார். இனி அது வீட்டில், அந்த ஸ்டூலின் மேல் இருக்கும் என்றார். கடைக்கு வேறு பகடை ஒன்று எடுத்துக்கொள்ளலாம், அதை எல்லோர் கண் முன்னாலும் உருட்ட வேண்டும், ஆறு பேரோடு சூப்பர்வைசர் பேரையும் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

"பகடைக்கு ஏழு முகம் கிடையாதும்மா," என்றார் சூப்பர்வைசர் பரிதாபமாக.

"சீட்டுக் குலுக்கலாம்," என்றான் கொழுந்தன். "ஏழுல ஒண்ணு. கணக்கு நான் போட்டுத் தர்றேன்."

கீழே குழந்தைகள் கரடியைக் காணோம் என்று கூச்சல் போட ஆரம்பித்திருந்தார்கள். பேக்கிங் அக்கா உடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இனி தன்னால் முடியாது என்று விசிறிக்கொண்டிருந்தார். இன்றைக்கு மிச்ச நேரத்துக்கு யார் என்று முதலாளியம்மா கேட்டார். சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் போட்டுக்கறேன்மா," என்றார் பலூன்காரர்.

"உங்களுக்கு முதுகு வலின்னு சொன்னாங்களே."

"அது பகடை கூப்பிட்டா மட்டும் வர்ற வலிம்மா."

அவர் கரடிக்குள் காலை நுழைத்தார். பிரிந்திருந்த கால் தையலை அண்ணியே மண்டியிட்டு உட்கார்ந்து நான்கு இழை போட்டு மூடினாள். அவர் கரடித் தலையை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவில் தன்னை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு யாரும் நம்பர் சொல்லாமல், யாரும் கூப்பிடாமல், படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போனார்.